வந்து வந்து மறையும் கழுத்து–கை உபாதை: விடை தேடும் வழி

கழுத்தில் பிடிப்பு, தோளிலிருந்து சுரீரென்று இறங்கும் வலி, விரல்களில் மதமதப்பு. நாலு நாள் வாட்டும், பத்து நாள் இருந்த இடம் தெரியாது. டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கென்று கை நன்றாக இருக்கும். ஒருவர் ‘ஒன்றுமில்லை’ என்பார், அடுத்தவர் ‘தேய்மானம்’ என்பார், மூன்றாமவர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுப்பார். ஆறு மாதத்தில் ஒரு பை நிறைய ஸ்கேன் படம் சேர்ந்திருக்கும். விடை மட்டும் சேர்ந்திருக்காது.

நோயை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள இந்த அத்தியாயம் சொல்லித்தரப் போவதில்லை. கண்டுபிடிக்க வேண்டியவருக்குத் தேவையான விவரத்தைச் சேர்த்துக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. வந்து போகும் தொல்லையில் பரிசோதனை நேரத்தில் உடம்பு ஒன்றையும் காட்டாமல் போகலாம். அப்போது டாக்டருக்கு இருக்கிற ஒரே ஆதாரம் உங்கள் வாய்மொழி. அது துல்லியமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எதற்கும் முன்னால்: காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் நோட்டுப் புத்தகம் எல்லாம் அப்புறம்.

உடனே 108, அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு:

- கை, தோள், தாடை, கழுத்து வலியோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல். இடது கைதான் என்றில்லை. வலது கையிலும் மாரடைப்பின் வலி வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம்.
- ஒரு பக்கக் கை திடீரென்று வலுவிழப்பது அல்லது மரப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இப்படி வந்து மறையும். பெரிய தாக்குதல் வர வாய்ப்பு மிக அதிகமான காலம் அதற்கடுத்த இரண்டு நாட்கள். அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட, தொடங்கியதிலிருந்து சுமார் நாலரை மணி நேரம்தான் அவகாசம்.
- இதுவரை வந்தே இராத மாதிரி திடீர்க் கழுத்து வலி, கூடவே தலைவலி, ஒரு கண்ணிமை தொங்கல், தலைசுற்றல். கழுத்தைச் சொடுக்கிய பிறகோ சிறு விபத்துக்குப் பிறகோ வந்தால் சந்தேகம் இன்னும் கூடும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம்.
- கழுத்து விறைப்போடு காய்ச்சல்.
- விபத்துக்கோ கீழே விழுந்ததற்கோ பின் கழுத்து வலி. இப்படிப்பட்டவரைக் கைத்தாங்கலாக எழுப்பி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். கழுத்தை அசையாமல் வைத்து ஆம்புலன்ஸ் வரும் வரை படுக்க விடுங்கள்.
- கை முழுதும் திடீரென்று வீங்கி நீலம் பாய்வது, அல்லது வெளுத்துச் சில்லிட்டுப் போவது.

அதே வாரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டியவை: சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, செருப்பு காலை விட்டு நழுவுவது தெரியாமல் நடப்பது, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமல் போவது. இவை தண்டுவடமே நெருக்கப்படுவதன் அடையாளங்கள். பலருக்கு வலியே இருக்காது. அதனால்தான் ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். நாளுக்கு நாள் கூடும் பலவீனம், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் ராத்திரி வலி ஆகியவையும் இதில் சேரும். சிறுநீர் நின்றுபோனாலோ பலவீனம் மணிக்கு மணி ஏறினாலோ வாரக் கணக்கெல்லாம் இல்லை, அன்றே அவசரப் பிரிவுதான்.

படி 1: குறிப்பேடு

மேலே உள்ள எதுவும் இல்லையென்றால் இரண்டு, மூன்று வாரம் குறிப்பு எழுதுங்கள். செல்போனில் எழுதினாலும் சரி, பால் கணக்கு நோட்டின் பின்பக்கமானாலும் சரி. ஒவ்வொரு தடவை வரும்போதும் இவ்வளவு போதும்:

1. நாள், நேரம்.
2. எங்கே தொடங்கியது, எதுவரை போனது.
3. எப்படி இருந்தது: வலியா, மரப்பா, எரிச்சலா, ‘கரண்ட்’ அடித்த மாதிரியா, பலமே இல்லாமல் போனதா.
4. எத்தனை நொடி, எத்தனை நிமிடம்.
5. அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்.
6. எது குறைத்தது.

ஒன்றும் வராத நாளையும் ‘இல்லை’ என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ‘இல்லை’ என்றால் அதுவே ஒரு தகவல்.

ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கற்பனையாக இரண்டு:

*புதன், விடியற்காலை 3.10. வலது கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தது. சுண்டுவிரல் சரியாக இருந்தது. கையை உதறினேன், ஐந்து நிமிடத்தில் போயிற்று. முந்தின நாள் நிறைய துணி துவைத்துப் பிழிந்தேன்.*

*வெள்ளி, மாலை 6.00. வண்டியில் வரும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கழுத்திலிருந்து முழங்கை வரை சுரீர், இரண்டு நொடி. விரல்களில் ஒன்றுமில்லை.*

இந்த இரண்டும் வெவ்வேறு கோளாறுகளாக இருக்கலாம். முதலாவது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது போலத் தெரிகிறது. இரண்டாவது கழுத்தைச் சேர்ந்தது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பது அபூர்வமல்ல. டாக்டரிடம் ‘அப்பப்ப வலது கை வலிக்குது சார்’ என்று இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால் கழுத்துக்கு மட்டும் வைத்தியம் நடக்கும், மரப்பு அப்படியே நிற்கும். ‘சிகிச்சை கேட்கவில்லை’ என்று புலம்புகிறவர்களில் இந்த ரகத்தினர் உண்டு.

உதவிக் குறிப்பு: கை நிறம் மாறினால், வீங்கினால், விரல் தானாகத் துடித்தால் அப்போதே போட்டோவோ வீடியோவோ எடுங்கள். அரை நிமிட வீடியோ அரை மணி நேர விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

படி 2: விரல்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கைகளையும் வைத்துக் கோடு வரைந்துகொள்ளுங்கள், உள்ளங்கைக்கு ஒன்று, புறங்கைக்கு ஒன்று. அடுத்த தடவை மரக்கும்போது அந்த நேரத்திலேயே மறு கையால் தொட்டுப் பார்த்து, மரத்த இடத்தைப் பேனாவால் நிரப்புங்கள். ‘கை முழுக்க’ என்று தோன்றும். தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் முழுக்க இருக்காது.

இது ஏன் முக்கியம் என்றால், விரல்கள் வேறு வேறு நரம்புகளின் எல்லைக்குள் வருகின்றன.

- கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி: மணிக்கட்டில் நெருக்கப்படும் நரம்பு. ராத்திரியில் கூடும், உதறினால் குறையும். கர்ப்பம், தைராய்டு குறைவு, சர்க்கரை ஆகியவற்றோடு சேர்ந்து வருவது சகஜம்.
- சுண்டுவிரல், மோதிர விரலின் மறு பாதி: முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு. முழங்கையை மடக்கிப் போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுபவர்கள், மேசை விளிம்பில் முழங்கை ஊன்றுபவர்கள் கவனிக்க வேண்டும்.
- கழுத்திலிருந்து தொடங்கிக் கட்டை விரல் பக்கம் இறங்கினால் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரலுக்கு இறங்கினால் ஏழாவது, சுண்டுவிரல் பக்கம் என்றால் எட்டாவது. கழுத்து எலும்பு ஏழுதான், நரம்பு ஜோடிகள் எட்டு.
- தோளில் தொடங்கி முழங்கையைத் தாண்டாத வலி, பின்னால் கை கொண்டுபோய் ரவிக்கை ஊக்கு மாட்டவோ சட்டை போடவோ முடியாமை: பெரும்பாலும் தோள்மூட்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம்.
- கைகளை மேலே தூக்கி வேலை செய்தால் மட்டும், பரணில் சாமான் எடுக்கும்போது, துணி காயப்போடும்போது: தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே நரம்போ ரத்தக்குழாயோ நெருக்கப்படுகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.
- இரண்டு கை, இரண்டு கால் விரல்களிலும் சமமாக மரப்பு: கழுத்தை விட்டுவிட்டு முதலில் சர்க்கரை, பி12, தைராய்டு பாருங்கள்.

உடம்பு பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு நோய்வாய்ப்படுவதில்லை. எல்லைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். வரைந்த தாளைக் கொடுங்கள், முடிவை டாக்டர் சொல்லட்டும்.

நேரத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ஓரிரு நொடி மின்னல் போலப் பாய்வது நரம்பு உரசலில் வருவது. விரல் நுனியில் தொடங்கி 10, 20 நிமிடங்களில் மெல்ல மெல்லக் கை ஏறி உதடு வரை போகும் மரப்பு ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பாக இருக்கலாம். கை தானாக வெட்டி வெட்டித் துடித்து ஓரிரு நிமிடத்தில் நிற்பது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். ஒரே கணத்தில் கை முழுதும் விழுந்துபோவது முன்னால் சொன்ன அவசரப் பட்டியலுக்குப் போகிறது. முதல் தடவை வருகிற எதையும் ஒற்றைத் தலைவலி என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம்.

படி 3: வீட்டில் பார்க்கக் கூடியவை, தொடவே கூடாதவை

பார்க்கலாம்:

1. கைவலி இருக்கும்போது அந்தக் கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலைமேல் வையுங்கள். வலி குறைந்தால் கழுத்து நரம்பு வேர் மேல் சந்தேகம் கூடும்.
2. இரண்டு மணிக்கட்டுகளையும் கீழ்நோக்கி மடக்கிப் புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஒரு நிமிடம் வையுங்கள். விரல்கள் மரத்தால் எழுதிக்கொள்ளுங்கள்.
3. கையை முழுதாக விரித்து, முழுதாக மூடி, 10 நொடியில் எத்தனை தடவை முடிகிறது என்று வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். 20-க்குக் குறைந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். தண்டுவடக் கோளாறில் இந்த வேகம் குறையும்.
4. தலையை மெதுவாகக் குனியும்போது முதுகுத்தண்டு வழியாக ‘ஷாக்’ இறங்குகிறதா? தானாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வரவழைக்கத் திரும்பத் திரும்பக் குனிய வேண்டாம்.

செய்யக் கூடாது:

- தலையை ஒரு பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்திப் பார்ப்பது. இது டாக்டர் செய்யும் சோதனை.
- சலூனில் முடி வெட்டி முடித்ததும் தாடையைப் பிடித்து ‘டக்’கென்று நெட்டி எடுக்க விடுவது. கழுத்து எலும்புகளின் துளை வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இருக்கின்றன; வேகமாகத் திருகும்போது அவற்றின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. எத்தனை வருஷப் பழக்கமான சலூனாக இருந்தாலும் ‘கழுத்து வேண்டாம் அண்ணே’ என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். சுளுக்கு எடுப்பவரிடமும் இதே பேச்சுதான்.
- வாசல் நிலையில் கயிறு கட்டி, தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டு வீட்டிலேயே ‘டிராக்‌ஷன்’ போட்டுக்கொள்வது.

படி 4: யாரிடம் போவது

முதலில் குடும்ப டாக்டர் அல்லது பொது மருத்துவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, நீங்கள் விழுங்கும் மாத்திரைகள் எல்லாம் தெரிந்த ஒருவர் இதில் இருந்தே ஆக வேண்டும். மரப்பும் பலவீனமும் முதன்மை என்றால் அவர் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார்; அசைத்தால் வலி என்றால் எலும்பு மருத்துவரிடம். நேராக நரம்பியல் அறுவை நிபுணரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது பலர் செய்யும் தவறு. அவர் அறுவை சிகிச்சை தேவையா என்று தீர்மானிப்பவர்; தேவையில்லை என்றதும் உங்கள் கேள்வி தொடங்கின இடத்திலேயே நிற்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் வெளிநோயாளர் பிரிவுக்குக் குறிப்பிட்ட நாட்கள் இருக்கும். விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்று தனி நிறுவனமே உண்டு.

உள்ளே போனதும் கதையைக் கல்யாணமான வருஷத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் நான்கு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். உதாரணத்துக்கு:

“டாக்டர், நாலு மாசமா வலது கையில ரெண்டு மாதிரி தொந்தரவு. ராத்திரி மூணு விரல் மரக்குது, உதறினா போயிடுது, வாரத்துல நாலு தடவை. இன்னொண்ணு, கழுத்தை வலப்பக்கம் திருப்பினா முழங்கை வரைக்கும் ரெண்டு நொடி சுரீர்னு இழுக்குது. பொத்தான் போட, நடக்க, ஒண்ணுக்குப் போக எந்தச் சிரமமும் இல்லை.”

கடைசி வாக்கியம் மிக உபயோகமானது. இல்லாததைச் சொல்வதும் தகவல்தான். பிறகு குறிப்பேட்டையும் கைப்படத்தையும் மேசைமேல் வையுங்கள். மேல்சட்டை கழற்றச் சுலபமாக இருக்கட்டும்; கழுத்து, தோள், இரண்டு கைகளையும் பார்க்காமல், சுத்தியல் வைத்துத் தட்டாமல், ஸ்கேன் மட்டும் எழுதித் தருபவரிடம் “ஒரு தடவை பரிசோதிச்சுப் பாருங்க டாக்டர்” என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

படி 5: பரிசோதனைக்கு முன் ஒரு கேள்வி

எந்தச் சோதனை எழுதினாலும் இதைக் கேளுங்கள்: “இதுல என்ன வந்தா வைத்தியம் மாறும் டாக்டர்?” பதில் தெளிவாக இருந்தால் தயங்காமல் எடுங்கள்.

ரத்தம். சர்க்கரை, மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ1சி), தைராய்டு, பி12. சைவம் மட்டும் உண்பவர்கள், நெடுநாள் மெட்பார்மின் அல்லது அசிடிட்டி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். இங்கே வரிசை தவறினால் எல்லாம் குழம்பும். ‘நரம்பு ஊசி’ என்று போட்டுக்கொண்டு அடுத்த வாரம் ரத்தம் கொடுத்தால் பி12 அளவு அமோகமாக வரும், உண்மையான குறைபாடு மறைந்துவிடும். முதலில் ரத்தம், அப்புறம் ஊசி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘நரம்புச் சத்து’ மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். அவற்றில் இருக்கும் பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பைக் கொண்டுவரும்.

நரம்புக் கடத்தல் சோதனை. தோல் மேல் சிறு மின் அதிர்வு கொடுத்து நரம்பின் வேகத்தை அளப்பது. மணிக்கட்டுக் கோளாறா, கழுத்தா என்று பிரிக்க மிகவும் உதவும். அன்று கையில் எண்ணெய், கிரீம் தடவாதீர்கள். கை சில்லிட்டிருந்தால் அளவு தவறும் என்பதால் ஏ.சி. அறையில் காத்திருக்கும்போது போர்த்திக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். தசையில் ஊசி குத்திப் பார்க்கும் பகுதியில் மாற்றம் தெரிய, நரம்பு பாதித்து இரண்டு, மூன்று வாரம் ஆகும். மிகச் சீக்கிரம் எடுத்தால் ‘நார்மல்’ என்று வரும். கழுத்து வேர் லேசாக உரசும்போது எப்போது எடுத்தாலும் நார்மலாகவே வரலாம்.

எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு இல்லை. உடம்பில் பேஸ்மேக்கர், காதுக் கருவி, மூளையில் போட்ட கிளிப், கண்ணில் உலோகத் துகள் (வெல்டிங், லேத் வேலை செய்பவர்கள்) இருந்தால் சொல்லியே ஆக வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானில் எந்தத் தொல்லையும் இல்லாத 1211 பேருக்குக் கழுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. ஆகவே ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற இரண்டு சொல் உங்கள் வலிக்கு விளக்கமாகிவிடாது. ரிப்போர்ட்டில் மூன்றைப் பொருத்திப் பாருங்கள்: பக்கம் (வலி வலது கையில், நெருக்கம் இடப்பக்கம் என்றால் பொருந்தவில்லை), மட்டம் (5–6 டிஸ்க் ஆறாவது நரம்பையும், 6–7 டிஸ்க் ஏழாவதையும் தொடும், நீங்கள் வரைந்த விரலோடு ஒத்துப்போகிறதா?), தண்டுவடம். தண்டுவடம் அழுந்தியிருக்கிறது, அதன் ‘சிக்னல்’ மாறியிருக்கிறது என்று எழுதியிருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ‘ஸ்ட்ரெயிட்டனிங்’, ‘தேய்மான மாற்றங்கள்’ என்பவை நடு வயதைத் தாண்டிய பெரும்பாலோர் ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்கள்.

படி 6: விடை வராத நாட்களில்

எல்லாம் நார்மல், தொல்லை மட்டும் போகவில்லை என்ற நிலை வரும். ‘மனசுதான் காரணம்’ என்று யாராவது சொன்னால் அதோடு நிற்காதீர்கள். ஆபத்தானவை விலக்கப்பட்டன என்பது மட்டுமே அதுவரை தெரிந்தது. கழுத்து நரம்பு உரசலில் பெரும்பாலானவை ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் அறுவை இல்லாமலே தணிகின்றன என்பதால் காலமும் ஒரு சோதனைதான், தேதி குறித்துக் காத்திருந்தால்.

1. அடுத்து எப்போது வரவேண்டும், என்ன நடந்தால் முன்னதாக வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
2. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், இரண்டு வாரம். மரப்பு ராத்திரியில் என்றால் மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டை. சுண்டுவிரல் என்றால் முழங்கை மடங்காமல் துண்டைத் தளர்வாகச் சுற்றித் தூங்குவது. கழுத்து என்றால் போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்துவது, குப்புறப் படுப்பதை விடுவது. தலையணை, எண்ணெய், உடற்பயிற்சி, மாத்திரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குணமானாலும் எதனால் என்று தெரியாது.
3. பிசியோதெரபி பயிற்சியில் வலி விரலை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். வலி கழுத்தை நோக்கி ஏறிச் சுருங்குவது பெரும்பாலும் நல்ல அறிகுறி.
4. கழுத்துப் பட்டையை டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு மேல் போடாதீர்கள், தசை இளைத்துவிடும்.
5. வலி மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்காதீர்கள், குறிப்பாகச் சிறுநீரகக் கோளாறு, அல்சர், ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பிரிகாபலின், காபாபென்டின் வகை மாத்திரை தொடங்கிய நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். நிறுத்துவதையும் டாக்டர் சொல்லும் விதமாகப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. முதலாமவர் கோபித்துக்கொள்வாரோ என்று ஒளிக்க வேண்டாம். மருத்துவப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. ஸ்கேனை ரிப்போர்ட் தாளோடு விடாமல் சி.டி.யாகவும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் டாக்டர் படத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே கோப்பில் மேலிருந்து கீழாக வையுங்கள்: ஒரு பக்கச் சுருக்கம், கைப்படம், குறிப்பேடு, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பிறகு ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில். ஸ்கேன் கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. முதலில் அதை நீட்டினால் டாக்டர் படத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார், உங்களைக் கேட்பது பின்னுக்குப் போய்விடும்.